கடைசிப் படகுக்கும் ஒரு தடம்: உள்ளூர் பாய்மரப் பந்தயத்துக்குப் பாதை அமைப்பது எப்படி

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் செய்த தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று காலையிலிருந்தே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. காற்று வரும் திசையில் முதல் மிதவையைப் போட வேண்டும் என்பது விதி. போட்டேன், ஆனால் கரைக்கு மிக அருகில். கரையோர அடுக்குமாடிக் கட்டடங்கள் காற்றைக் கிழித்துத் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருந்தன. முதலில் வந்த மூன்று படகுகளுக்கு ஒரு வீச்சு கிடைத்தது, சுற்றிப் போய்விட்டன. நாலாவதாக, ஆப்டிமிஸ்ட் என்னும் குழந்தைகளுக்கான சிறு படகில் வந்த பையன் அந்த மிதவைக்கு முன்னால் 25 நிமிடம் பாய் தொங்கத் தொங்க உட்கார்ந்திருந்தான். அதுவரை அன்று அவனைப் போல நன்றாக ஓட்டியவர் யாரும் இல்லை. கரைக்கு வந்ததும் அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "அவன் என்ன சார் தப்பு பண்ணான்?"

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. தடம் போட்ட நான்தான் செய்தேன். அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்குத் தடம் போட்டாலும் முதல் படகைவிடக் கடைசிப் படகையே அதிகம் பார்க்கிறேன். முதலில் போகிறவர் எந்தத் தடத்திலும் முதலில்தான் போவார். பின்னால் இருப்பவருக்கு எட்டிப் பிடிக்க வழி இருக்கிறதா என்பதில்தான் தடத்தின் தரம் தெரியும்.

இந்த வழிகாட்டி சோழமண்டலக் கரையில், சென்னையைச் சுற்றி, 10 முதல் 30 சிறு படகுகள் கலந்துகொள்ளும் பந்தயத்தை மனதில் வைத்து எழுதியது. சென்னைத் துறைமுகத்தில் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகப் பந்தயம் ஓடிய கடல் இது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். உள்ளூர்ப் பந்தயம் ஒழுங்காக நடந்தால் அடுத்த தலைமுறையும் அங்கிருந்து எழும்பி வரும்.

முதலில் காற்றையும் நீரோட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

பங்குனியிலிருந்து கோடை முடியும்வரை காலையில் காற்று மெலிந்திருக்கும். நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். எழுந்த பிறகு அது மெல்ல மெல்லத் தெற்குப் பக்கமாக, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில், திரும்பும். பிற்பகல் 2 மணிக்குச் சரியாக இருந்த தடம் 4 மணிக்குக் கோணலாகிவிடுவது இதனால்தான். கடற்காற்று நாளில் முதல் மிதவையைப் போடும்போதே சற்று வலப்பக்கம் தள்ளிப் போடலாமா என்று யோசியுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் கடற்காற்றை நெடுநேரம் உள்ளே விடாது. சில நாள் கடற்காற்று பிற்பகலில் தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். கச்சான் அடிக்கும்போது திசையும் வேகமும் நொடிக்கு நொடி மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை, மழை, புயல் சின்னம். அந்த இரண்டு மாதமும் போட்டிக் காலண்டரைக் காலியாக விட்டுவிடுவதே நல்லது. தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வரும் நிதானமான காற்றுதான் புதியவர்களுக்குப் பந்தயம் வைக்க ஏற்ற காலம்.

நீரோட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி என்று நம் மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். தென்கிழக்குக் காற்றில் வன்னி ஓடினால் நீர் காற்றை எதிர்த்துப் போகிறது. அலை குத்தலாக எழும்பும். தொடக்கக் கோட்டில் காத்திருக்கும் படகுகளை நீரே கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும், பந்தயத்தைத் திரும்பத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும். தெண்டி ஓடினால் நேரெதிர்: படகுகள் கோட்டை விட்டுப் பின்னே நழுவும், மெதுவான படகு கோட்டைத் தாண்டவே திணறும்.

இதை அளக்கக் கருவி தேவையில்லை. பாதி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை நங்கூரமிட்ட மிதவைக்குப் பக்கத்தில் விடுங்கள். ஒரு நிமிடத்தில் 15 மீட்டர் நகர்ந்தால் நீரோட்டம் ஏறக்குறைய அரை நாட், அதாவது மணிக்கு அரை கடல் மைல். கரைப் பக்கம் ஒருமுறை, கடல் பக்கம் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் தடத்தின் ஒரு பக்கம் மட்டுமே வெல்லும் பக்கமாகிவிடும். அப்போது தடத்தை முழுவதுமாக ஆழமான பக்கத்துக்கு நகர்த்துங்கள். பாட்டிலைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

முந்தைய நாள் மாலை பக்கத்துக் குப்பத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். எந்த இடத்தில் வலை விரித்திருக்கிறது, எந்த நேரத்தில் படகுகள் திரும்பும் என்று கேளுங்கள். கடல் அவர்களுக்குப் பிழைப்பு. வலை கிடக்கும் இடத்தில் தடம் போடாதீர்கள். நம் படகின் அடியில் நீருக்குள் நீட்டியிருக்கும் நடுப்பலகை வலையில் மாட்டினால் அவர்களுக்கு நஷ்டம், நமக்கும் பந்தயம் போச்சு. நாளைக்குக் காற்று எப்படி என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலி சொல்லும் காற்றைவிட அது பல நாள் சரியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நிமிடப் பந்தயம்?

தடத்தின் நீளத்தை மைலில் ஆரம்பிக்காதீர்கள், நிமிடத்தில் ஆரம்பியுங்கள். ஒரு நாளில் ஒரே நீண்ட பந்தயம் வைப்பதைவிட 35 முதல் 45 நிமிடத்தில் மூன்று பந்தயம் வைப்பது மேல். ஒன்றில் தவறு செய்தவருக்கு மதியத்துக்குள் இன்னும் இரண்டு வாய்ப்பு.

நடுத்தரக் காற்றில், ஒருவர் ஓட்டும் சிறு படகான லேசர், இப்போதைய பெயரில் ஐஎல்சிஏ, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறும்போது நேர்கோட்டுக் கணக்கில் மணிக்குச் சுமார் 3 கடல் மைல் முன்னேறும். காற்றோடு இறங்கும்போது சுமார் நாலரை. மிதவைகளுக்கு இடையே அரை கடல் மைல், அதாவது ஏறக்குறைய 925 மீட்டர், வைத்தால் ஏற 10 நிமிடம், இறங்க 7 நிமிடம். இரண்டு சுற்று 34 நிமிடம். அதே தடத்தில் ஆப்டிமிஸ்ட் குழந்தைகள் ஏற 15 நிமிடம், இறங்க 11 நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு சுற்றுக்கு 52 நிமிடம், நடுச்சூரியனில். பத்து வயதுக் குழந்தைக்கு அது அதிகம். அவர்களுக்குத் தனியாக 500 மீட்டரில் ஒரு மிதவை போடுங்கள். இந்த எண்கள் தோராயமானவை. உங்கள் படகுகளை மூன்று ஞாயிறு கடிகாரம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கென்று ஒரு அட்டவணை கிடைத்துவிடும்.

தடத்தின் வடிவம்

முக்கோணம் பார்க்க அழகு. நெடுங்காலம் ஒலிம்பிக்கிலும் அதுதான் இருந்தது. ஒரு மிதவையிலிருந்து அடுத்த மிதவைவரை ஓடுவதைக் கால் என்போம். காற்றை எதிர்த்து ஒரு கால், பிறகு பக்கவாட்டுக் காற்றில் இரண்டு கால். நல்ல காற்றில் பக்கவாட்டு ஓட்டம்போல் மகிழ்ச்சி வேறில்லை, படகு நீரை விட்டுக் கிளம்பிப் பறக்கும். ஆனால் மெலிந்த காற்றில் பக்கவாட்டுக் கால்கள் ஊர்வலமாகிவிடும். முன்னவர் பின்னாலேயே எல்லோரும் வரிசையாகப் போவார்கள், யாரும் யாரையும் முந்த முடியாது.

காற்றை எதிர்த்து மேலேயும் காற்றோடு கீழேயும் மட்டும் போய்வரும் நேர்த்தடத்தில் ஒவ்வொரு காலிலும் இடமா வலமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பின்னால் இருப்பவருக்கு உயிர் கொடுப்பது அந்தத் தேர்வுதான். கலந்த படகுக் கூட்டத்துக்கு அடிப்படையாக நான் வைப்பது இதுதான். காற்று 10 நாட்டைத் தாண்டும் நாளில் கடைசிச் சுற்றில் மட்டும் ஒரு பக்கவாட்டுக் காலைச் சேர்ப்பேன். குழந்தைகள் கரையேறும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும்.

பெரிய படகுகளும் சிறிய படகுகளும் 30-ஐத் தாண்டினால் சரிவகத் தடம் உதவும். ஒரு கூட்டம் உள்வட்டத்தில், இன்னொன்று வெளிவட்டத்தில் ஓடும், குறுக்கே மோதாது. அதற்கு நாலைந்து மிதவையும் இரண்டு விசைப்படகும் வேண்டும். ஆட்கள் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

முதல் மிதவை: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

தொடக்க நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, பந்தயத்தை நடத்துபவர்கள் இருக்கும் கமிட்டிப் படகு கடலில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைத் திசைகாட்டியால் காற்றின் திசையை அளந்து எழுதுங்கள். ஒரு குச்சியின் நுனியில் கட்டிய கம்பளி நூல் போதும். 12 அளவு கிடைத்ததும் ஒரு சித்திரம் தெரியும். 110, 125, 115, 130, 110 பாகை என்று ஆடிக்கொண்டிருந்தால் நடுவில் 120-ஐ எடுங்கள். 110, 114, 118, 123 என்று ஒரே பக்கமாக நகர்ந்தால் அது ஆட்டமில்லை, திருப்பம். பந்தயத்தின் நடுப்பகுதியில் அது எங்கே இருக்கும் என்று கணித்துப் போடுங்கள். கடைசியாக அளந்த ஒரே எண்ணை நம்பி மிதவையைப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

ஏன் இவ்வளவு கவனம்? பாய்மரப் படகு காற்றை நேரே எதிர்த்துப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் ஏறும். மிதவை காற்றுக்கு நேராக இருந்தால் படகு இடப்பக்கமும் வலப்பக்கமும் சமதூரம் ஓடும். மிதவை 10 பாகை விலகினால் அந்தப் பங்கு 59-க்கு 41 ஆகிறது. இது பரவாயில்லை. 20 பாகை விலகினால் 68-க்கு 32. பாதித் தேர்வு போய்விட்டது. 45 பாகை விலகினால் படகு திரும்பவே வேண்டாம், ஒரே நேர்கோட்டில் மிதவையை எட்டிவிடும். தொடக்கத்தில் முன்னால் நின்றவர் முடிவிலும் முன்னால் நிற்பார். 15 பாகைக்கு மேல் விலகல் தெரிந்தால் நான் தொடக்கத்தைத் தள்ளிவைத்து மிதவையை நகர்த்துவேன். படகோட்டிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மேற்குக் காற்று நாளில் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். ஒரு கட்டடத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரமாவது அதன் பின்னால் காற்று கலங்கிக்கிடக்கும். 30 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் 300 மீட்டர். கரையிலிருந்து அதற்கும் அப்பால் மிதவையைப் போடுங்கள். தடம் குட்டையானால் சுற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

மிதவைக் கயிறு ஆழத்தைப்போல மூன்று மடங்கு வேண்டும். கயிற்றில் மிதவைக்கு இரண்டு மீட்டர் கீழே ஒரு சிறு எடையைக் கட்டுங்கள். அது கயிற்றைச் செங்குத்தாக இறக்கிவிடும், சுற்றிவரும் படகின் சுக்கானில் மாட்டாது. ஒரு கிலோ எடை எத்தனையோ புகாரைத் தடுத்திருக்கிறது.

படகுகள் மிதவையை இடப்பக்கம் வைத்துச் சுற்றுவது வழக்கம். சுற்றியவுடன் நேரே கீழிறங்கினால் எதிரே ஏறி வருபவர்களோடு மோதும் அபாயம். முதல் மிதவைக்கு இடப்பக்கம் 50 முதல் 80 மீட்டரில் இன்னொரு சிறு மிதவை போட்டு, அதையும் சுற்றிய பிறகே இறங்கச் சொல்லுங்கள். 15 படகுக்கு மேல் இருந்தால் இதை விடவே கூடாது.

கீழ் முனையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு

கீழே ஒரே மிதவை இருந்தால் ஏழெட்டுப் படகுகள் ஒரே நேரத்தில் வந்து நெருக்கும். விதிப்படி மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்குள் வந்ததும் உள்ளே இருப்பவருக்கு இடம் விட வேண்டும். அங்கேதான் கத்தலும் மோதலும். இரண்டு மிதவையை வாசல்போல வைத்தால் கூட்டம் பிரிந்துவிடும். வாசலுக்குள் நுழைந்து இடதோ வலதோ விருப்பம்போல் சுற்றலாம். பின்னால் வருபவர் முன்னவர் போகாத பக்கத்தைத் தேர்ந்துகொள்வார். முன்னவரின் பாய் கலக்கிய காற்றிலிருந்து தப்பிப்பார். உள்ளூர்ப் பந்தயத்தில் சுவை கூட்ட இவ்வளவு மலிவான வழி வேறில்லை.

வாசலின் அகலம் சுமார் பத்துப் படகு நீளம். லேசருக்கு 42 மீட்டர், ஆப்டிமிஸ்டுக்கு 23 மீட்டர். காற்றுக்குச் சரியாகக் குறுக்கே இருக்க வேண்டும். ஒரு மிதவை மேலே இருந்தால் எல்லோரும் அதையே சுற்றுவார்கள். இரண்டு மிதவையையும் சரிசமமாகப் பயன்படுத்தினார்களா என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் வேலைக்கு அதுவே மதிப்பெண்.

தொடக்கக் கோடு

நீளத்துக்கு ஒரு கணக்கு: படகு எண்ணிக்கை, படகு நீளம், ஒன்றரை, மூன்றையும் பெருக்குங்கள். 20 லேசருக்கு 20 × 4.2 × 1.5 = 126 மீட்டர். குறைந்தால் இடிப்பார்கள். அதிகமானால் கோட்டின் நடுவில் யார் முன்கூட்டியே தாண்டினார் என்று பார்க்க முடியாது.

வலது முனையில் கமிட்டிப் படகு, இடது முனையில் மிதவை. கமிட்டிப் படகு முனையில் புறப்படுபவருக்கு எப்போது வேண்டுமானாலும் வலப்பக்கம் திரும்பும் சுதந்திரம் உண்டு. அதனால் சரியாகக் குறுக்கே போட்டால் எல்லோரும் அங்கேயே குவிவார்கள். இடது முனையைக் காற்றை நோக்கி 5 பாகை முன்னே தள்ளுங்கள். காற்று 120 பாகை என்றால், கமிட்டிப் படகிலிருந்து பார்க்க இடது மிதவை 30 பாகையில் இருந்தால் சரியான குறுக்கு. 35-இல் வைத்தால் ஐந்து பாகைச் சலுகை. 100 மீட்டர் கோட்டில் இது ஏறக்குறைய 9 மீட்டர், இரண்டு படகு நீளம். 10 பாகை கொடுத்தால் 17 மீட்டர், இடது முனையில் சண்டை ஆரம்பித்துவிடும்.

தொடக்கச் சைகை உலகமெங்கும் ஒன்றுதான். உலகப் பாய்மர அமைப்பின் 2025–2028 விதிப்புத்தகத்திலும் அதுவே. ஐந்து நிமிடத்தில் அந்த வகுப்பின் கொடி, நாலு நிமிடத்தில் ஆயத்தக் கொடி, ஒரு நிமிடத்தில் ஆயத்தக் கொடி இறங்கும், பூஜ்ஜியத்தில் வகுப்புக் கொடி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒலி உண்டு, ஆனால் நேரம் கொடியில்தான் இருக்கிறது. ஒரு ஊதல் பழுதானதால் பந்தயம் கெடக் கூடாது. ஓரிருவர் முந்திவிட்டால் எக்ஸ் (X) என்ற எழுத்துக்கான சைகைக் கொடியும் ஒரு ஒலியும். யார் என்று தெரியாமல் பலர் முந்தினால் முதல் மாற்றுக் கொடியும் இரண்டு ஒலியும், எல்லோரும் திரும்பி வர வேண்டும். வன்னி தள்ளும் நாளில் இரண்டாம் முயற்சிக்கு யூ கொடியை ஏற்றுங்கள். கடைசி நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் நுழைந்தவர், மறுதொடக்கம் ஆகாவிட்டால், விசாரணையின்றித் தகுதி இழப்பார் என்று தெரிந்ததும் கூட்டம் தானாக அடங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

தடம் போட்டதோடு வேலை முடியவில்லை. காற்று திரும்பினால் அடுத்த காலின் திசையை மாற்ற விதி இடம் தருகிறது. அந்தக் கால் தொடங்கும் மிதவையருகே, முதல் படகு அந்தக் காலைத் தொடங்குவதற்குள், சி கொடியைக் காட்ட வேண்டும். வலப்பக்கம் மாறினால் பச்சை முக்கோணம், இடப்பக்கம் மாறினால் சிவப்புச் செவ்வகம். எல்லாப் படகுக்கும் ஒரே கால், ஒரே தடம் என்பது இதில் உயிர்நாடி. முதல் ஐந்து படகு போன பிறகு மாற்றுவது எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தாலும் அநியாயம்.

காற்று செத்துப்போனால் எஸ் கொடியும் இரண்டு ஒலியும் கொடுத்து வாசலிலேயே பந்தயத்தை முடியுங்கள். முதல் படகு வருவதற்குள் கொடி ஏறியிருக்க வேண்டும். முதல் படகு முடித்த பிறகு 15 அல்லது 20 நிமிடத்துக்குள் வராதவருக்கு முடிக்கவில்லை என்று எழுதுவது பல இடங்களில் வழக்கம். அதைப் பந்தய அறிவிப்பில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் கடைசி நேரத்தில் கொண்டுவந்தால் அடிபடுவது எப்போதும் மெதுவான படகுதான்.

கலந்த படகுகளுக்குக் கணக்கு

நம் ஊரில் ஒரே வகைப் படகு பத்து சேர்வதே அரிது. லேசரும் ஆப்டிமிஸ்டும் ஒன்றாக ஓடினால், படகு வகையின் வேகத்துக்கேற்ப நேரத்தைத் திருத்தும் போர்ட்ஸ்மவுத் எண் கைகொடுக்கும். லேசருக்குச் சுமார் 1100, ஆப்டிமிஸ்டுக்குச் சுமார் 1640. எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். இதோடு, மெதுவான படகு குறைந்த சுற்றோடு முடித்துக்கொள்ள, நேரத்தைச் சுற்றுக் கணக்கில் ஒப்பிடும் சராசரிச் சுற்று முறையைச் சேருங்கள். ஒரு லேசர் நாலு சுற்றை 48 நிமிடத்தில் முடிக்கிறது: 2880 வினாடி, திருத்தியது 2618. ஒரு ஆப்டிமிஸ்ட் இரண்டே சுற்றை 37 நிமிடத்தில் முடிக்கிறது: 2220 வினாடி, திருத்தியது 1354, நாலு சுற்றுக்கு இரட்டிப்பாக்கினால் 2707. லேசர் 89 வினாடியில் வென்றது. ஆனால் இரண்டும் 11 நிமிட இடைவெளியில் பந்தயத்தை முடித்துவிட்டன. தனியாகக் கடலில் மிச்சமான குழந்தை யாரும் இல்லை.

முடிவுக் கோடு எங்கே?

முடிந்தவரை கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும் இடத்தில். தொண்டிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவையொட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பாருங்கள். பலகை மேல் ஆட்கள் சாய்ந்து நின்று படகைச் சமன் செய்து கடலுக்குள் போய்த் திரும்பும்போது ஊரே கரையில் நிற்கிறது. நம் சிறு படகுப் பந்தயத்தில் எல்லாம் கண்ணுக்கெட்டாத் தூரத்தில் நடந்து முடிகிறது, அப்பா அம்மாவுக்கு ஒன்றும் புரிவதில்லை. கடைசிக் காலைக் கரைப் பக்கம் திருப்பி, அலை உடையும் இடத்துக்குப் பாதுகாப்பான தூரத்தில் முடிவுக் கோட்டை வையுங்கள். முதல் படகுக்கு ஊதும் அதே ஊதலைக் கடைசிப் படகுக்கும் ஊதுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: மிதவை வைக்கும் படகும் மீட்புப் படகும் வேறு வேறாக இருக்க வேண்டும். மீட்புப் படகு இருக்குமிடம் கூட்டத்தின் பின்பகுதி. எத்தனை படகு கடலுக்குள் போனது, எத்தனை திரும்பியது என்று ஒருவர் கரையில் எண்ண வேண்டும். இடி கேட்டால் 'என்' (N) எழுத்துக் கொடியும் மூன்று ஒலியும், பந்தயம் ரத்து. துறைமுகத்தில் முதல் எண் புயல் கூண்டு ஏறினாலே அன்று நம் படகுகள் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது.

எல்லாம் முடிந்து கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிப் போட்ட பிறகு, நான் ஒருவரைத் தேடிப் போவேன். அன்று கடைசியாக வந்தவரை. "எந்த இடத்துல படகு நின்னுச்சு? எங்க போனா காத்து இருந்துச்சு?" என்று கேட்பேன். போன மாதம் ஒரு பெண் குழந்தை, கன்னத்தில் உப்பு காய்ந்திருக்க, மணலில் விரலால் தடத்தை வரைந்து, வாசலின் வலது மிதவையைக் காட்டினாள். "இது பக்கத்துல தண்ணி எதிரா ஓடுது அங்கிள்." நான் பாட்டிலை விட்டுப் பார்க்காத இடம் அதுதான். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.